ஆற்றுக்கு அக்கரையில் விட்ட பூனை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் நின்ற வேனில் ஒரு கோணிப்பையை ஏற்றினார்கள். பை கத்தியது. ஏற்றியவன் காதில் இயர்போன் மாட்டியிருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அசோசியேஷன் பிரசிடெண்டுக்கு நன்றாகவே கேட்டது. அவர் என்னைப் பார்த்து, "சேஃப் பிளேஸ்ல விட்டுடுவாங்க மேடம், நீங்க ஒர்ரி பண்ண பேடா" என்று கன்னடம் கலந்து சொன்னார். நான் கவலைப்பட்டேன் என்று இவருக்கு யார் சொன்னார்கள்? நான் பூனைப் பிரியை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் ஏமாறக் கூடாது.

பைக்குள் இருந்தது ஜெனரேட்டர் பெட்டி மேல் வெயில் காயும் பூனை. இரண்டாம் மாடிப் பெண்மணி அதற்கு 'லாட்டே' என்று பெயர் வைத்திருந்தாள். பிறந்த நாள்கூடக் கொண்டாடினாள். ஜெனரேட்டருக்கு அடியில் பிறந்த ஜந்துவின் பிறந்த தேதி இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போடும் பூனை பிஸ்கட் மூன்றாம் மாடி வரை நாறும். மழை நாளில் கருவாட்டுக் கூடைக்காரிக்குப் பக்கத்து சீட்டில் பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கும். பூனைக்கு அது பிடித்திருந்தது. பூனைகளின் ரசனையைப் பற்றி எனக்கு என்றைக்குமே உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. நானும் அதற்கு மீன் தலையும் சோறும் போட்டேன்தான். வீணாகப் போகக் கூடாதே என்பதற்காக. நல்ல மீனாக வாங்கியதும் அதே காரணத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசிடெண்டின் புதுக் காருடைய பானெட்டில் அது நடந்துவிட்டதாம். அவ்வளவுதான் குற்றம். கார் வாங்கியபோது அதற்குக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார், இப்போது நாலு காலடித் தடத்தைத் தாங்க முடியவில்லை.

வேன் கிளம்பிய பிறகும் பையின் வாசனை அங்கேயே நின்றது. பழைய சணல், கொஞ்சம் தவிடு, பயந்துபோன பூனையின் மூத்திரம். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ அது என் அப்பாவின் வாசனை. சிறு வயதில் ஒரு வருஷம் முழுக்க எங்கள் அப்பாவின் ரயில்வே கோட்டிலிருந்து இந்த வாசனைதான் வந்தது. காரணம் தெரியாமல் அம்மா அதைத் துவைத்துத் துவைத்து வெளுக்க வைத்தாள்.

அப்பா ரயில்வே கார்டு. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகத் தெற்கே சாமராஜநகர் போகும் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் அவர் பச்சைக்கொடி காட்டினால்தான் வண்டி நகரும். வீட்டில் அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஜோலார்பேட்டையிலிருந்து வேலைக்காக வந்த குடும்பம் நாங்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்த வரிசை வீடுகளில் பாதிப் பேர் எங்களைப் போலத் தமிழர்கள். கன்னடத்தைத் தமிழ் மாதிரியும் தமிழைக் கன்னடம் மாதிரியும் பேசி, இரண்டுக்கும் நல்லது செய்யாதவர்கள்.

குவார்ட்டர்ஸின் குளியலறைகள் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மைசூர் வீடுகளில் இருக்குமே, அந்த ஹண்டே. சுவரோடு சேர்த்துப் பூசிய அடுப்பின் மேல் பெரிய செப்பு அண்டா, கீழே விறகு. எல்லோரும் குளித்து முடித்துத் தீ அணைந்த பிறகு அடுப்புக்குள் சாம்பல் வெதுவெதுவென்று கிடக்கும். குவார்ட்டர்ஸ் பூனைகளுக்கு அதுதான் மெத்தை. உள்ளே போய்ப் புரண்டு, சுருண்டு, மத்தியானம் வரைக்கும் தூங்கும். அதனால் எங்கள் ஊர்ப் பூனைகளுக்கு வெள்ளை, கறுப்பு, புலிவரி என்ற பேதமே கிடையாது. எல்லாம் சாம்பல் நிறம். வெளியே வந்து உடம்பை உதறினால் ஒரு புகை கிளம்பும், அந்தப் புகைக்குள் அரை நிமிஷம் நிஜ நிறம் தெரியும், பிறகு அதுவும் போய்விடும். யாரும் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. பூனையைப் போய் யார் கவனிப்பார்கள்?

அம்மா கவனிக்கவே மாட்டாள். ஆனால் சோறு போடுவாள். இந்த இரண்டையும் அவள் எப்படிச் சேர்த்து நடத்தினாள் என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. மூன்று வேளையும் கொட்டாங்கச்சிகளில் சோற்றையும் மீன் கழுவிய மிச்சத்தையும் பிசைந்து போடுவாள். போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "தின்னுத் தொலைங்க. தின்னுட்டு என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க, ஸாகு" என்பாள். போதும் என்பதற்கு அவளுடைய கன்னடம் அது. பெயர் கிடையாது, கொஞ்சல் கிடையாது, தடவிக் கொடுப்பது கிடையாது. எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் சனியன். "சனியன் இன்னைக்குச் சாப்பிட வரலியே" என்று வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். எந்தச் சனியன் என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான்டீ" என்பாள்.

பூனைகளும் அவளை மதித்ததில்லை. தின்றுவிட்டு, அவள் காய வைத்த வடகத்தின் மேல் நடந்து போகும். பரஸ்பரம் அலட்சியம் செய்து இவ்வளவு நாள் சேர்ந்து வாழ்ந்த வேறு ஜோடியை நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வரிசையின் கோடி வீட்டில் ஒருவர் இருந்தார். ஆபீஸில் தலைமை குமாஸ்தா, காலனி வெல்ஃபேர் கமிட்டிக்குச் செக்ரட்டரி. நாங்கள் செக்ரட்டரி என்றே சொல்வோம், அவர் மனைவியும் அப்படியே சொன்னாள். அவரிடம் ஒரு கம்பளிக் கோட்டு உண்டு. வருஷத்தில் ஒரே ஒரு நாள், தசராவில் தீவட்டி அணிவகுப்பு பார்க்கப் போகும்போது போடுவார். மற்ற நாளெல்லாம் அது டிரங்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டைகளோடு தூங்கும். அந்த வருஷம் வெயிலில் காயப் போட்டதை எடுக்க மறந்துவிட்டார்கள். ஒரு பூனை அதன் மேல் குட்டி போட்டது.

அவர் போட்ட கூச்சலில் பூனை ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு எங்கள் குளியலறைக்கு வந்து சேர்ந்தது. மூன்று குட்டிகள். பூனைக்குக் கோட்டைவிடச் சாம்பல் வசதியாக இருந்தது. செக்ரட்டரிக்கு அவமானம் வசதியாக இல்லை. அவசரக் கூட்டம் போட்டார். நாற்காலிகளை அவரவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் கமிட்டி வழக்கம். டீ குடித்தார்கள். பூனைத் தொல்லை என்று ஆளுக்கொரு பிரசங்கம் செய்தார்கள். பிறகு செக்ரட்டரி எழுந்து, மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ' போட்டுத் தன் திட்டத்தைச் சொன்னார்.

"பூனை எவ்வளவு தூரத்திலேர்ந்து வேணும்னாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துடும் ரீ. ஆனா ஆத்தைத் தாண்டி விட்டுட்டா மறுபடி வராது. அது சயன்ஸு. நம்மகிட்ட ரயில் இருக்கு. நஞ்சன்கூடு பாலத்துக்கு அந்தாண்டை விட்டுட்டா முடிஞ்சுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் அப்பாவும் ஆட்டினார், கார்டு வண்டி அவருடையது என்பதால் கொஞ்சம் பெருமையாகவே ஆட்டியிருப்பார். ரயில்வேக்காரர்களின் மூளை அப்படித்தான். வேண்டாத எதையும் ஒரு கோணிப்பையில் போட்டு, கார்டின் பிரேக்வேனில் ஏற்றி, அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டால் அது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடும் அவர்களுக்கு.

அப்படியாக வாரத்துக்கு ஒரு பை போக ஆரம்பித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். அங்கே வண்டி நிற்கிற நேரத்தில் அப்பா பையின் வாயை அவிழ்த்துவிட்டுக் கொடியை ஆட்டிவிடுவார். அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குத் தெரியும், அதனால் தெரிய விடவில்லை. அம்மா கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்ன கர்மம் நாத்தம்?" என்று மட்டும் கேட்பாள். "தவிட்டு மூட்டை லோடு" என்பார்.

விசித்திரம் என்னவென்றால், பூனைகள் குறையவில்லை. இங்கே ஒரு பை போகும், நாலு நாள் கழித்து அதே அளவு சாம்பல் நிறம் விறகுக் கொட்டகையில் உலாத்தும். செக்ரட்டரி அசரவில்லை. "இதெல்லாம் புது பெக்கு. பழையது போச்சு, காலியான இடத்துக்குப் புதுசு வருது" என்றார். கன்னடத்தில் பூனைக்குப் பெக்கு என்று பெயர், அவர் வாயில் அந்தச் சொல் ஒரு வழக்கின் நம்பர் மாதிரி ஒலிக்கும். கமிட்டி அவருக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடம் போகக் குளிக்கப் போனேன். அடுப்புக்குப் பக்கத்து மூலையில் புதிதாகப் பிறந்த மூன்று குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. கண் அப்போதுதான் திறந்திருந்தது. தாய் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோதும் இல்லை. கத்தல் மட்டும் மெலிந்திருந்தது. அம்மா திரியைப் பாலில் நனைத்து வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு இங்க் பில்லரால் சொட்டுவிட்டாள். பால் மூக்கில் ஏறித் தும்மியதுதான் மிச்சம். "கர்மம், கர்மம், குடிக்கக்கூடத் தெரியாத ஜென்மம்" என்று அவற்றைத் திட்டினாள். திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி சொட்டுவிட்டாள். இரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்று எனக்கே தெரிந்தது.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. அவர் சாதத்தை உருட்டிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். அவ்வளவுதான், மற்றதை அப்பாவே சொல்லிவிட்டார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே, எது தாய் எது வேறன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"குட்டி போட்ட வயித்தைப் பார்த்தாத் தெரியாதா? அந்தச் செக்ரட்டரிக்குத்தான் மூளை இல்ல, அவன் கோட்டுக்காவது இருந்திருக்கும். உங்களுக்கு என்ன கேடு?"

"கமிட்டி முடிவு..."

"கமிட்டியைக் கூப்பிடுங்க, வந்து பால் குடுக்கட்டும்."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் அம்மா காய்கறிக் கூடையையும் அதை மூட ஒரு முறத்தையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் வண்டியிலேயே ஏறினாள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விடப்பட்டது. லீவு விட்டது அம்மா. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்பா பிளாட்பாரத்தில் எங்கள் ஜன்னலைத் தாண்டி நடந்தார், யாரோ முன்பின் தெரியாத பிரயாணிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். யூனிபாரத்தில் இருக்கும்போது மனைவியிடம் திட்டு வாங்கக் கூடாது என்று ரயில்வேயில் விதி இருக்கிறதோ என்னவோ. நஞ்சன்கூடு பாலத்தில் வண்டி தடதடத்தபோது அம்மா கீழே ஓடிய கபிலை ஆற்றைப் பார்த்தாள். "இதைத் தாண்ட முடியாதாம். இவனுங்க கண்டுட்டானுங்க" என்றாள்.

அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். எதிர் வண்டியும் அங்கேதான் வந்து விலகும், நாங்கள் அதில் திரும்ப வேண்டும், கொஞ்ச நேரம்தான் இருந்தது. லெவல் கிராஸிங் பக்கத்தில் கேட்கீப்பரின் வீடு. அவர் மனைவி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கொள்ளேகாலுக்கு அப்பால் அனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அம்மா பேசிய தமிழைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க்கா, உக்காருங்க. பூனைங்களா? அதையேனுங்க்கா கேக்கறீங்க! எங்கிருந்துதான் வருதோ தெரியலீங், வாரா வாரம் பெருகிட்டே போவுதுங். எங்க ஊட்டுக்காரரும் ஸ்டேஷன் ஆளுங்களும் சாக்குல புடிச்சுப் போட்டு மைசூரு வண்டியில ஏத்தி வுட்டுடறாங்க. ஆத்துக்கு அக்கட்டால போனாத் திரும்பாதுங்களாமா."

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். சிரிக்கப் போகிறாளா, கத்தப் போகிறாளா என்று தெரியவில்லை. இவர்கள் அங்கே அனுப்ப, அவர்கள் இங்கே அனுப்ப, ஒரு வருஷமாகப் பூனைகள் ரயிலில் போய் வந்துகொண்டிருந்திருக்கின்றன. அப்பா கொண்டுபோவதை எதிர் வண்டிக் கார்டு கொண்டுவந்திருக்கிறார். இருவரும் கார்டுகள் இளைப்பாறும் ஒரே ரன்னிங் ரூமில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கள். தவிட்டு மூட்டை லோடு என்று இருவருமே வீட்டில் சொல்லியிருந்ததால் தங்களுக்குள்ளும் அதையே சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் ரகசியம் காக்கும் அழகு இது.

அதற்குள் மணி அடித்தது. கேட்டை மூட அந்த அக்கா ஓடினாள். அம்மா விறகுக் குவியல் பக்கம் போனாள். அங்கே வெளி அடுப்பின் சாம்பலிலிருந்து ஒரு பூனை எழுந்து வந்தது. சாம்பல் நிறம், ஒட்டிய விலா, பால் கட்டித் தொங்கும் மடி. "இந்தா இருக்கு சனியன்! மடியைப் பாரு, வெடிக்கப் போவுது" என்று அம்மா ஒரே அமுக்காக அமுக்கிக் கூடைக்குள் போட்டு முறத்தால் மூடினாள். கையெல்லாம் ரத்தக் கீறல். எதிர் வண்டி வந்தது, ஏறிவிட்டோம். வழி நெடுக அம்மா கூடையைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் திட்டி நான் கேட்டதில்லை.

குளியலறையில் திறந்துவிட்டதும் பூனை சீறியது. சுவரோரமாக ஓடியது. குட்டிகள் தட்டுத்தடுமாறி அதை நோக்கி ஊர்ந்தன. அது முகர்ந்தது, விலகியது, மறுபடி முகர்ந்தது. இருட்டும் நேரத்துக்கு ஒருக்களித்துப் படுத்துவிட்டது. குட்டிகள் முட்டி முட்டிக் குடிக்கும் சத்தம் வெளியே கேட்டது. அம்மா கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் ஊர் சுத்தினதுக்கே பெத்த புள்ளைங்களை மறந்துட்டுது பாரு, மூதேவி" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, குளித்து முடித்த வெந்நீர் வாசனை இன்னும் போகாத ஒரு காலை. குளியலறை வாசலில் ஒரு பூனை வந்து நின்றது. சாம்பல் நிறம், ஒட்டிய விலா, கட்டிய மடி. உடம்பில் ஒரு சணல் இழை தொங்கியது. யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போனது. அடுப்போரம் ஏற்கெனவே ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. வந்தது அதன் கன்னத்தில் ஒன்று விட்டது, கத்திக்கொண்டிருந்த குட்டியைக் கழுத்தில் கவ்வித் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நக்க ஆரம்பித்தது. அக்கரைக்காரர்களின் சாக்கில் அது பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

நான் கைதட்டிச் சிரித்தேன். "ரெண்டு அம்மா! ரெண்டு அம்மா!" என்று கத்தினேன். அம்மா சிரிக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்ற முதல் பூனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ இது யாரு?" என்றாள். பிறகு, இன்னும் மெதுவாக, "இதோட குட்டிங்க எங்கடீ?"

அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எங்கள் தாத்தா இறந்த தந்தி வந்தபோதுகூட அவள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அழுதாள், இந்தத் தரமோ அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான்தான் போய் இறக்கினேன். இத்தனைக்கும் அவள் செய்தது என்ன? பூனையின் முகத்தைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காகச் சோறு போட்டவள், ஒரு நாள்கூட முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அலட்சியத்தைத் தன் கௌரவம் என்று வைத்திருந்தாள். சாம்பல் நிறத்தையும் பால் மடியையும் பார்த்தாள், போதும் என்று கூடையில் போட்டுவிட்டாள். செக்ரட்டரியும் அப்பாவும் செய்ததையேதான் தானும் செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்தபோது புரிந்திருக்க வேண்டும். அவர்களையாவது திட்டலாம்.

அன்றைக்கே மறுபடி கூடை, மறுபடி முறம், மறுபடி பாலம். இந்த முறை அம்மா ஆற்றின் பக்கம் திரும்பாமல் முறத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்கார அக்கா எங்களைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"ஏனுங்க்கா, அன்னைக்கு நீங்க போனப்பறம் எங்க பூனையைக் காணமுங். பச்சைக் குட்டிங்களை உட்டுட்டு அது எங்கயும் போவாதுங். எந்தப் பாவி புடிச்சுட்டுப் போனானோன்னு ரெண்டு நாளா வஞ்சுட்டே இருக்கறனுங்."

"நான்தான்" என்றாள் அம்மா. கூடையைத் திறந்தாள்.

பூனை துள்ளிக் குதித்து விறகுக் குவியலுக்குள் ஓடியது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தன. மூன்றாவதை அந்த அக்கா முந்தின நாள் புளியமரத்தடியில் புதைத்திருந்தாள். ஆட்டுப்பால் ஊற்றிப் பார்த்தாளாம், மற்ற இரண்டும் குடித்தன, அது குடிக்கவில்லை. அம்மா மரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அம்மாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சா செஞ்சீங்க? உங்கூட்டுக் குட்டிங்களாவது பொழைச்சுதுங்களே, போதுங்க்கா" என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். கிளம்பும்போது இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். எங்கள் பையிலிருந்து இறங்குவதை அவள் சோறு போட்டுப் பிடித்து வைத்து, எதிர் வண்டியில் ஏற்றிவிடுவாள். அவர்கள் பையிலிருந்து வருவதை அம்மா ஏற்றிவிடுவாள். எதற்குக் குட்டி இருக்கிறது, எது எந்தப் பக்கத்தது என்று கார்டுகளிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டு கார்டுகளுக்கும் அன்றிலிருந்து தவிட்டு மூட்டைப் பொய் தேவைப்படவில்லை. "வலது காதுல கிழிசல், மூக்குல மச்சம், உங்களோடது" என்று என் அப்பா பிளாட்பாரத்தில் பூனைக்கு அடையாளம் சொல்லிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பச்சைக்கொடி கக்கத்தில் இருக்கும்.

அம்மா திட்டுவதை நிறுத்தவில்லை. கொட்டாங்கச்சியும் சனியனும் அப்படியே தொடர்ந்தன. ஒன்று மட்டும் மாறியது. சோறு போட்ட பிறகு குனிந்து, ஒவ்வொன்றின் முகத்திலும் இருக்கும் சாம்பலைப் புடவைத் தலைப்பால் துடைத்து, ஒரு தரம் பார்ப்பாள். "இந்த மூஞ்சிக்கு இது வேற" என்று எழுந்து போவாள்.

செக்ரட்டரிக்கு யாரும் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அந்த மூளைக்குள் அவ்வளவு பெரிய விஷயம் நுழையாது என்பது அம்மாவின் கருத்து. ரிட்டயராகிப் போன நாளன்று நடந்த பார்ட்டியில்கூட அவர் பூனைத் திட்டத்தைத் தன் சாதனைகளில் ஒன்றாகச் சொன்னார். பேசி முடித்து உட்கார்ந்தபோது நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் வால் வெளியே போனது. எல்லோரும் இருமினார்கள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, வேன் போன அன்று மத்தியானம் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பைத் திறந்தேன். இரண்டாம் மாடிப் பெண்மணி லாட்டேயின் படங்களை வரிசையாகப் போட்டிருந்தாள். தூங்கும் லாட்டே, கொட்டாவி விடும் லாட்டே, தொப்பி போட்ட லாட்டே. மூக்கின் மேல் இருக்கும் மச்சம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. கீழே எல்லோரும் உடைந்த இருதயங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிரசிடெண்டும் ஒன்று போட்டிருந்தார். இவர்களிடம் அதன் முகம் எத்தனை கோணத்தில் இருக்கிறது! எழுந்து ஒரு செருப்பைக் காலில் மாட்ட ஒருவராலும் முடியவில்லை. இந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் எங்கள் செக்ரட்டரி மேதை. அந்த மனிதர் பூனையை வெளிப்படையாக வெறுத்தார்.

வேன்காரனுக்கு போன் போட்டுக் கேட்டேன். ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு இடம் சொன்னான். பரணிலிருந்து அம்மாவின் கூடையை எடுத்தேன், ஒரு பக்கம் பின்னல் விட்டிருந்தது. ஆட்டோக்காரர் கூடையைப் பார்த்து, "மார்க்கெட்டுக்கா அம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்த வயதில் பூனை பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அது புதிதாகப் போட்ட லேஅவுட். சைட்டுகளுக்குக் கல் நட்டிருந்தார்கள், தார் ரோடு போட்டிருந்தார்கள், வீடு ஒன்றுகூட வரவில்லை. அங்கே தெருக்களுக்குப் பெயர் இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. ஒரு இடத்தில் அவிழ்த்த கோணிப்பைகள் குவியலாகக் கிடந்தன, எங்கள் அபார்ட்மெண்ட் மட்டும் விட்ட இடமல்ல அது. மச்சத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்று வந்திருந்தேன், முகம் காட்ட ஒரு பூனையும் வரவில்லை. லாட்டே, லாட்டே என்று நடுத்தெருவில் நின்று கூப்பிட்டேன். என் வாயால் அந்தப் பெயரைச் சொல்ல நேர்ந்ததே என்று கோபம் வந்தது. பிறகு, சனியனே, சனியனே என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உட்காரலாம் என்றால் ஒரு துவைக்கிற கல்கூட அங்கே இல்லை.

ஹண்டே போய் கீசர் வந்துவிட்டது, எந்தக் குளியலறையிலும் சாம்பல் இல்லை. மீட்டர்கேஜைப் பிடுங்கி அகலப் பாதை போட்டுவிட்டார்கள், அந்தச் சின்ன ஸ்டேஷனில் இப்போது வண்டி நிற்பதில்லை, கேட் இருந்த இடத்தில் கீழ்ப்பாலம். அப்பா இல்லை, அம்மா இல்லை. இதெல்லாம் போகும் என்று தெரிந்ததுதான், அதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அந்த வெட்டவெளியில் காலிக் கூடையோடு நின்றபோது எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். வாராவாரம் இங்கே பூனை பெருகுகிறதே என்று எரிச்சல்பட்டு, ஒரு சாக்கில் பிடித்துப் போட்டு, எங்கள் பக்கம் திருப்பி அனுப்புகிற ஒரு முட்டாள். அக்கரையில் அப்படி ஒருவரும் குடியிருக்கவில்லை.